கிழிந்த அட்டைக்கு என்ன விலை? பழைய காமிக்ஸ் சேகரிப்பில் ‘கண்டிஷன்’ என்றால் என்ன

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எல்போ லேக் என்றொரு சின்ன ஊர். அங்கே ஒருவர் பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேலே கொடுத்து ஒரு பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்துகொண்டிருந்தார். சுவரைப் பிரித்தபோது, குளிர் உள்ளே வராமலிருக்க அடைத்து வைத்திருந்த பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே ஒரு காமிக்ஸ் புத்தகம் கிடந்தது. 1938இல் பத்து சென்ட் விலையில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ். சூப்பர்மேன் முதன்முதலாகத் தலைகாட்டிய இதழ் அதுதான்.

வீட்டில் எல்லோரும் கூடிநின்று பார்த்த பரபரப்பில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அதை எடுக்க, இவர் பதறிப்போய்த் திரும்ப இழுக்க, பின்னட்டை கிழிந்துவிட்டது. 2013இல் அந்த இதழ் ஏலத்தில் 1,75,000 டாலருக்குப் போனது. கிழியாமல் இருந்திருந்தால் இன்னும் 75,000 டாலர் வரை கிடைத்திருக்கும் என்று விற்றுக்கொடுத்தவர்கள் கணக்குச் சொன்னார்கள். பத்துக்கு 3 மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டிய புத்தகம் 1.5க்கு இறங்கிவிட்டது.

பழைய காமிக்ஸ் சேர்க்க ஆரம்பிக்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கொஞ்சம் கிழிந்திருக்கிறதே, வாங்கலாமா?” அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஒரு கிழிசல் 75,000 டாலரைத் தின்றுவிட்டது. அதே நேரம், பல வருடம் சுவருக்குள் கிடந்து, பின்னட்டை கிழிந்து, பத்துக்கு ஒன்றரை மதிப்பெண் வாங்கிய புத்தகம் 1,75,000 டாலருக்குப் போயிருக்கிறது. இந்த இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று புரிந்துகொண்டால், இந்தப் பொழுதுபோக்கில் பாதி புரிந்துவிடும்.

ஏன் நல்ல பிரதிகள் மிஞ்சவில்லை

காமிக்ஸ் புத்தகத்தை யாரும் காலத்துக்கும் நிற்பதற்காகச் செய்யவில்லை. உள்தாள் செய்தித்தாள் காகிதம். மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கிச் செய்வது. மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். காகிதத்துக்குள்ளேயே அமிலம் சேர்ந்து நார்களை அறுக்கும். கடைசியில் தாள் அப்பளம் மாதிரி ஆகிவிடும், மடித்தால் ஒடியும். முதுகில் இரண்டு இரும்பு பின்கள் அடித்திருப்பார்கள். ஈரக் காற்றில் அவை துருப்பிடித்து, சுற்றியுள்ள காகிதத்தையும் சேர்த்துத் தின்னும்.

இதற்கு மேல் மனிதர்கள் இருக்கிறார்கள். சிறுவர்கள் புத்தகத்தைச் சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகினார்கள், பெயர் எழுதினார்கள், கூப்பனை வெட்டி அனுப்பினார்கள், நண்பனுக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் பழைய காகிதத்தைத் திரட்டிக் கொடுக்கும் இயக்கம் நடந்தது. வீடு வீடாகப் போய்த் திரட்டியவர்களில் பெரும்பாலோர் அந்தப் புத்தகங்களைப் படித்த அதே பிள்ளைகள். 1940களின் இறுதியில் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்லிச் சில ஊர்களில் குவித்துப் போட்டு எரிக்கவும் செய்தார்கள்.

ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் சுமார் 2,00,000 பிரதிகள் அச்சானது. இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய நூறு என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த நூறிலும் நல்ல நிலையில் இருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. நூறு பேர் கையில் இருக்கும் பொருள் ஓர் அபூர்வம் என்றால், அதில் பழுதில்லாத ஐந்தாறு இன்னொரு அபூர்வம். முதலாவதற்கும் விலை உண்டு, இரண்டாவதற்கும் தனியாக விலை உண்டு. சுவருக்குள் கிடந்த பிரதிக்கு முதல் அபூர்வத்தின் விலை கிடைத்தது. இரண்டாவதை அது கிழிவதற்கு முன்பே தவறவிட்டிருந்தது.

எப்போதாவது நல்ல பிரதிகள் மொத்தமாகக் கிடைப்பதும் உண்டு. 1977இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் பக்கம், எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியரின் வீட்டிலிருந்து பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட காமிக்ஸ் புத்தகங்கள் ஒரு வியாபாரி கைக்கு வந்தன. 1930களின் இறுதியிலிருந்து அவர் வாங்கி, அசைக்காமல் அடுக்கிவைத்தவை. டென்வர் உயரமான, ஈரமில்லாத ஊர். அடுக்கின் பாரத்தில் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகவில்லை. நாற்பது வருடம் கழித்தும் உள்தாள் வெள்ளையாக இருந்தது. அந்தத் தொகுப்புக்கு ‘மைல் ஹை’ என்று பெயர்; இன்றும் ‘மைல் ஹை’ பிரதி என்றால் சேகரிப்பாளர்கள் தனி மரியாதை கொடுக்கிறார்கள். எனக்கு இந்தச் செய்தியில் பிடித்தது, சர்ச் அதற்காக எந்த விசேஷச் சாதனமும் வைத்திருக்கவில்லை என்பதுதான். வறண்ட காற்று, இருட்டு, அடுக்கிய அடுக்கைக் கலைக்காத கை, அவ்வளவே.

மதிப்பெண் போடும் முறை

ஆரம்பத்தில் ‘நன்றாக இருக்கிறது’, ‘சுமாராக இருக்கிறது’ என்று வாய்ப்பேச்சில்தான் வியாபாரம் நடந்தது. விற்பவருக்கு எல்லாமே நன்றாக இருக்கும், வாங்குபவருக்கு எல்லாமே சுமாராக இருக்கும். 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் விலை வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். தரத்துக்குத் தரம் விலை வேறு என்பதை அது எல்லோருக்கும் பழக்கியது. 2000இல் சிஜிசி என்ற நிறுவனம் வந்தது. புத்தகத்தை அனுப்பினால் அவர்களுடைய ஆட்கள் பக்கம் பக்கமாகப் பார்த்து, பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். இதற்கு ‘ஸ்லாப்’ என்று பெயர்.

மதிப்பெண் 0.5இல் தொடங்கி 10 வரை போகும். இரண்டு என்றால் ‘குட்’. பள்ளிக்கூடக் கணக்கில் பார்த்தால் பத்துக்கு இரண்டு வாங்கினால் அடி விழும். இங்கே அப்படியில்லை. ‘குட்’ என்றால் நன்றாகப் படித்துத் தேய்ந்த, மடிப்பும் சிறு கிழிசலும் உள்ள, ஆனால் படிக்க முழுசாக இருக்கும் புத்தகம். நான்கு ‘வெரி குட்’, ஆறு ‘ஃபைன்’, எட்டு ‘வெரி ஃபைன்’, 9.4 ‘நியர் மின்ட்’. புதிதாக வருபவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டு ஏமாறுகிறார்கள். ‘வெரி குட் கண்டிஷன்’ என்று ஒருவர் விற்றால், அது அட்டையில் மடிப்பு விழுந்த, ஓரம் தேய்ந்த நடுத்தரப் பிரதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் பார்க்கிறார்கள்? அட்டையின் பளபளப்பு, நான்கு மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா மழுங்கிவிட்டனவா, முதுகு நேராக இருக்கிறதா உருண்டுவிட்டதா, பின்களில் துரு இருக்கிறதா, நடுத்தாள் பின்னிலிருந்து கழன்றிருக்கிறதா, உள்தாளின் நிறம் என்ன. முதுகோரம் சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள் தெரியும். புத்தகத்தைத் திறந்து மூடும்போது அட்டையின் மை உடைவதால் வருபவை அவை. சாதாரணக் கண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் 9.8க்கும் 9.2க்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் அந்தக் கோடுகள்தான்.

உச்சியில் இந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிய பணம் என்பதற்கு ஒரு கணக்கு. 2010 பிப்ரவரியில் 8.0 மதிப்பெண் வாங்கிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் பத்து லட்சம் டாலருக்கு விற்றது. ஒரு காமிக்ஸ் புத்தகம் அந்தத் தொகையைத் தொட்டது அதுவே முதல் முறை. அடுத்த மாதமே அதே இதழின் 8.5 மதிப்பெண் பிரதி ஒன்று பதினைந்து லட்சம் டாலருக்கு விற்றது. அரை மதிப்பெண், ஐந்து லட்சம் டாலர். 2024இல் வேறொரு 8.5 பிரதி அறுபது லட்சம் டாலருக்குப் போனது. ஸ்பைடர்மேன் முதலில் வந்த அமேசிங் ஃபேண்டசி பதினைந்தாம் இதழ், 1962இல் பன்னிரண்டு சென்ட் விலையில் வந்தது. அதன் 9.6 பிரதி 2021இல் முப்பத்தாறு லட்சம் டாலர். அதே இதழ் தேய்ந்து நைந்த பிரதியாகக் கிடைத்தால் பல ஆயிரம் டாலருக்குள் வாங்கிவிடலாம். கதை ஒன்று, படம் ஒன்று, அச்சான நாள் ஒன்று. நடுவில் நூறு மடங்குக்கும் மேலான இடைவெளி.

எல்லாப் புத்தகத்துக்கும் இந்தக் கணக்கு ஓடாது

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ‘கண்டிஷன்தான் எல்லாம்’ என்று கேள்விப்பட்டுவிட்டு, பளபளப்பான புத்தகமாகத் தேடித் தேடி வாங்குவார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் எதற்கும் விலை இருக்காது.

1991இல் எக்ஸ்-மென் வரிசை ஒன்று புதிதாகத் தொடங்கியது. அதன் முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இன்றுவரை ஒரே இதழ் அதிகமாக விற்ற கின்னஸ் சாதனை அதற்குத்தான். பழைய முதல் இதழ்கள் பெரும் விலைக்குப் போவதைப் பார்த்த மக்கள், இதையும் வாங்கிப் படிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். ஒரு வருடம் கழித்து சூப்பர்மேன் இறக்கும் இதழ் கறுப்பு உறையில் ஒட்டி வந்தது. அதையும் உறை பிரிக்காமல் லட்சக்கணக்கானோர் அலமாரியில் வைத்தார்கள். இன்று எல்லோரிடமும் அது புத்தம் புதிதாக இருக்கிறது. அதனாலேயே யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. சிறுவர்கள் கசக்கியதால்தான் 1938ஆம் வருடத்துப் புத்தகம் அபூர்வமானது. யாரும் கசக்காததால் 1991ஆம் வருடத்துப் புத்தகம் சாதாரணமானது.

ஆகவே ‘நிலைமை எப்படி’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள்’ என்று கேட்க வேண்டும். நிறைய மிஞ்சியிருந்தால் நிலைமைதான் எல்லாம். நல்ல பிரதி கிடைக்கிற இடத்தில் மோசமானதை யார் வாங்குவார்கள்? மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தால், கையில் கிடைப்பதே பெரிது. நிலைமை இரண்டாவதாகத்தான் வரும். நடுவில் இருப்பவைதான் யோசித்து வாங்க வேண்டியவை.

நடுவில் இருப்பதற்கு நல்ல உதாரணம் ஹல்க் 181, அதாவது ஹல்க் வரிசையின் 181ஆம் இதழ். 1974இல் இருபத்தைந்து சென்ட் விலையில் வந்தது. வுல்வரின் என்ற சூப்பர் ஹீரோ முழுமையாக வரும் முதல் இதழ். இது அபூர்வமே இல்லை. சிஜிசி மதிப்பெண் போட்டவை மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல். ஆனால் தேடுபவர்கள் அதைவிட அதிகம். அதனால் மதிப்பெண்ணுக்கு மதிப்பெண் விலை படிப்படியாக ஏறும். இந்த இதழில் ஒரு விஷயம் தெரிந்தே ஆகவேண்டும். அந்தக் காலத்தில் மார்வெல் நிறுவனம் உள்பக்கத்தில் தபால்தலை மாதிரி ஒரு சின்னப் படம் அச்சடித்தது. வெட்டியெடுத்து அதற்கான புத்தகத்தில் ஒட்டிச் சேர்க்கச் சொன்னது. பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். இன்று ஹல்க் 181 வாங்கும் எவரும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள். அட்டை கண்ணாடி மாதிரி மின்னினாலும், உள்ளே அந்தச் சதுரம் வெட்டப்பட்டிருந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

தேய்மானம் வேறு, இழப்பு வேறு

அந்தச் சதுரம் ஒரு முக்கியமான பாடத்தைச் சொல்கிறது. பழுதுகள் எல்லாம் ஒரே இனம் இல்லை. நான் அவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன்.

மடிப்பு, மழுங்கிய மூலை, தளர்ந்த முதுகு, மஞ்சளான தாள், உள்ளே எழுதிய பெயர் எல்லாம் தேய்மானம். புத்தகம் வாழ்ந்த வாழ்க்கையின் தடம். விலை குறையும், ஆனால் புத்தகம் முழுசாக இருக்கிறது. அட்டையில் கடைக்காரர் பென்சிலால் எழுதிய தேதியை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் குறையாகக்கூட எண்ணுவதில்லை. எந்த நாளில் அது கடைக்கு வந்தது என்பதற்குச் சாட்சி அது.

நடுத்தாள் இல்லை, கூப்பன் வெட்டியிருக்கிறது, அட்டை இல்லை, கடைசிப் பக்கம் இல்லை. இது இழப்பு. இதை எதனாலும் ஈடுகட்ட முடியாது. பார்க்கச் சுமாரான, ஆனால் ஒரு பக்கமும் குறையாத பிரதியையும், பார்க்க அழகான, நடுத்தாள் இல்லாத பிரதியையும் என் முன்னால் வைத்தால், யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. ரிப்பேர். அட்டையில் வெளுத்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் பூசுவது, நைந்த ஓரத்தைக் கத்தியால் சீவி நேராக்குவது, வேறொரு பிரதியின் தாளை இதில் கொண்டுவந்து சேர்ப்பது, கிழிசலைப் பசை போட்டு ஒட்டுவது. செய்பவர் புத்தகத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறார். ஆனால் சந்தையில் இதற்கு மன்னிப்பே இல்லை. மறுசீரமைப்பு செய்த புத்தகங்களுக்கு சிஜிசி ஊதா நிற லேபிள் ஒட்டும். ரிப்பேர் செய்யாத புத்தகத்துக்கு ஒட்டும் நீல லேபிள் போட்ட அதே மதிப்பெண் பிரதியோடு ஒப்பிட்டால் ஊதா லேபிள் பிரதி மிகக் குறைந்த விலைக்கே போகும். காரணம் எளிது. அந்தப் பளபளப்பு அந்தப் புத்தகத்தினுடையது இல்லை. ஓரம் சீவிய பிரதி இன்னும் மோசம். பூசிய வண்ணத்தையாவது ஒரு வல்லுநர் நீக்கிப் பார்க்கலாம், சீவிய காகிதம் திரும்பி வராது.

ஆகவே ஆரம்பிக்கும் எவருக்கும் நான் கையைப் பிடித்துச் சொல்வது இது: கிழிந்த புத்தகம் கிடைத்தால் அப்படியே வையுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசை சில வருடங்களில் பழுப்பாகும், காகிதத்துக்குள் இறங்கும், பிளாஸ்டிக் மட்டும் உதிர்ந்து கறை அங்கேயே தங்கும். லேமினேஷன் அதைவிடப் பெரிய கொடுமை. சூடு, பசை, பிளாஸ்டிக் மூன்றையும் ஒருசேரக் காகிதத்தில் ஏற்றிவிட்டுத் திரும்ப எடுக்க வழியில்லாமல் செய்வது அது.

நம்முடைய புத்தகங்கள்

இதுவரை சொன்னது டாலர் கதை. தமிழில் காமிக்ஸ் சேர்ப்பவர்களுக்கு இதில் எவ்வளவு பொருந்தும்?

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, அதே வருடம் ராணி காமிக்ஸும் வந்தது. இந்தப் பழைய இதழ்கள் எவ்வளவு அச்சானாலும், படித்து முடித்ததும் பழைய பேப்பர் கடைக்குக் கிலோக் கணக்கில் போயின, கடலைப் பொட்டலமாக மடிக்கப்பட்டன. அமெரிக்காவில் போர்க்காலம் செய்ததை இங்கே எடைக்கடை செய்தது. அதோடு நம் ஊர்க் காற்று. டென்வரின் வறண்ட காற்று எங்கே, சென்னையின் ஐப்பசி ஈரம் எங்கே. ராமபாணப் பூச்சியும் கரையானும் வேறு.

இங்கே சிஜிசி மாதிரி பொதுவாக ஒப்புக்கொள்ளும் மதிப்பெண் முறை வேரூன்றவில்லை. எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கும் கிடையாது. அதனால் அமெரிக்க அளவுகோலை அப்படியே கொண்டுவந்து வைத்துப் பார்ப்பது தவறு என்பது என் எண்ணம். 9.8க்கும் 9.6க்கும் சண்டை போடும் அளவுக்கு நம்மிடம் பிரதிகள் இல்லை. எழுபதுகளின் முத்து காமிக்ஸ் ஒன்று உங்கள் கையில் வந்தால் கேட்க வேண்டியவை மூன்றே: பக்கம் எல்லாம் இருக்கிறதா, அட்டை அதே இதழின் அட்டைதானா, தாள் ஒடியாமல் புரட்ட முடிகிறதா. மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், முனை மழுங்கியிருக்கிறது என்று தயங்காதீர்கள். அடுத்தது எப்போது கண்ணில் படும் என்று சொல்ல முடியாது.

நம் ஊர்ப் பழுதுகளுக்குத் தனி முகமும் உண்டு. வாடகை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப் ஊதா மையில் பக்கத்துக்குப் பக்கம் விழுந்திருக்கும். புத்தகம் அடிபடாமலிருக்கக் கெட்டி அட்டை வைத்துப் பக்கவாட்டில் ஊசி நூலால் தைத்திருப்பார்கள். வீட்டிலும் பத்துப் பன்னிரண்டு இதழ்களை ஒன்றாகச் சேர்த்து பைண்டிங் செய்வது நம் வழக்கம். வார இதழ்த் தொடர்கதைகளையே அப்படித்தானே காப்பாற்றினோம். பைண்டர் எல்லா ஓரத்தையும் மெஷினில் வெட்டிவிடுவார், சில சமயம் அட்டைகளைக் கழற்றிப் போட்டுவிடுவார். அமெரிக்கக் கணக்கில் அது ‘ஓரம் சீவிய’ பிரதி, விலை போகாது. ஆனால் அந்த பைண்டிங் இல்லாவிட்டால் அந்த இதழ்கள் இன்று இருந்தே இருக்காது என்பதும் உண்மை. பைண்ட் செய்த தொகுதி கிடைத்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள் என்பேன். தைத்த நூலை அறுத்துத் தனித்தனி இதழாக்கப் பார்த்தவர்களிடம் கடைசியில் முதுகில்லாத தாள்கள்தான் மிஞ்சின.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாயாவியின் கதையைப் படிக்க வேண்டும் என்றால் பிறகு வந்த மறுபதிப்பு இருக்கிறது. பழைய இதழைத் தேடுபவர் கதைக்காகத் தேடவில்லை. அந்தக் காகிதம், அந்த மை, அந்த அட்டை, அதைக் கையில் வைத்திருந்த வயது, இவற்றுக்காகத் தேடுகிறார். அப்படித் தேடுபவருக்கு முதல் பக்கத்தில் ஏதோ ஒரு பையன் கோணல்மாணலாக எழுதிய பெயர் குறையா நிறையா என்பதை எந்த நிறுவனமும் மதிப்பெண் போட்டுச் சொல்ல முடியாது. எனக்கு அது நிறை.

கையில் எடுக்கும்போது

பழைய புத்தகக் கடையில் ஓர் இதழ் கண்ணில் பட்டால் மனம் அட்டையிலேயே நின்றுவிடும். எனக்கும் அப்படித்தான். ஆனாலும் உள்ளேயிருந்து வெளியே பார்க்கப் பழகுங்கள். முதலில் நடுத்தாளைத் திறந்து பின்னோடு பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பக்கங்களை எண்ணுங்கள். விளம்பரப் பக்கங்களின் மறுபுறத்தையும் பாருங்கள், கூப்பன் வெட்டினால் பின்னால் இருக்கும் கதையும் சேர்ந்து போயிருக்கும். தாளின் மூலையை மெல்ல வளைத்தால் வளைகிறதா, சடக்கென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். மோந்தும் பாருங்கள், பூஞ்சை மூக்குக்குத்தான் முதலில் தெரியும். கடைசியாக அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பேனாவால் பூசிய இடம் மட்டும் வேறு மாதிரி மின்னும்.

பழைய அமெரிக்க இதழ் வாங்குவதாக இருந்தால் அளவு நாடா எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழைப் பெரிய அளவில் அப்படியே மறுபதிப்பு செய்தார்கள். மேலே தனியாக ஒரு வெளியட்டை உண்டு. அதைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது அசல் மாதிரியே தெரியும். அதை அசல் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. அசல் ஏறக்குறைய பத்தரை அங்குல உயரம், மறுபதிப்பு அதைவிட மூன்று அங்குலம் கூடுதல். ‘கண்டிஷன் பிரமாதம்’ என்ற பேச்சு எங்கே அதிகமாக இருக்கிறதோ அங்கேதான் இந்த அளவு நாடா அதிகம் தேவைப்படும்.

வாங்கிய பிறகு வைப்பதில் பெரிய சூத்திரம் இல்லை. பாலிப்ரொப்பிலீன் உறை போதும், வசதியிருந்தால் மைலார் என்ற பாலியெஸ்டர் உறை. பின்னால் அமிலமில்லாத அட்டை ஒன்று. கடையில் கிடைக்கும் வாசனையடிக்கும் பிவிசி கவர் வேண்டாம், அது காலப்போக்கில் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பரணும் மொட்டை மாடி அறையும் வெயிலில் அடுப்பாகிவிடும், அங்கே வைக்காதீர்கள். தரையையும் வெளிச்சுவரையும் ஒட்டி வைத்தால் ஓதம் ஏறும். படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டுதான் நம் வீடுகளில் நல்ல இடம். பூச்சிக்கு வேப்பிலை வைப்பதென்றால் தட்டில் வையுங்கள், தாளுக்குள் வேண்டாம், பச்சைக் கறை படியும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில், விசிறிக் காற்றில் வைத்துப் புரட்டுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள், அட்டையின் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும்.

சரி, கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது, எதை வாங்குவது? அதிகம் தேடப்படும் இதழின் மதிப்பெண் குறைந்த, ஆனால் முழுமையான பிரதியா, அல்லது யாரும் தேடாத இதழின் பளபளப்பான பிரதியா? நான் எப்போதும் முதலாவதன் பக்கம். மதிப்பெண் இரண்டு வாங்கிய புத்தகத்தை பயமில்லாமல் திறந்து படிக்கலாம், அது ஏற்கெனவே எல்லா அடியையும் வாங்கிவிட்டது. ஸ்லாபுக்குள் இருப்பதை அட்டை பார்க்க மட்டுமே முடியும். பெரும் தொகை போட்டு வாங்குபவருக்கு ஸ்லாப் பாதுகாப்புத்தான், அதை நான் மறுக்கவில்லை. அவர் வாங்குவது முதலீடு, அதற்கு முத்திரை வேண்டும்.

என்னிடம் ஒரு பழைய முத்து காமிக்ஸ் இருக்கிறது. பத்து வயதில் நானே அட்டையைக் கிழித்து, அம்மாவுக்குத் தெரியாமலிருக்க உள்பக்கமாக செலோடேப் ஒட்டியது. டேப் இப்போது தேன் நிறமாகிவிட்டது, அதன் நிழல் முன்னட்டையில் ஒரு பட்டையாகத் தெரிகிறது. ஒருமுறை நகத்தால் நீக்கிப் பார்த்தேன். காகிதமும் கூடவே வந்தது, நிறுத்திவிட்டேன். அது அப்படியே உறைக்குள் இருக்கிறது, பக்கங்கள் எண்ணியதில் முழுசு.